தோல் வேலைப்பாட்டுத் தொடக்கப் பெட்டி: கருவிகள் தேறும், செய்முறைத் தாள் தேறாது

இரண்டாயிரம் ரூபாய்க்குள் ஆன்லைனில் விற்கும் தோல் வேலைப்பாட்டுப் பெட்டி இது. ஏறத்தாழ இதே சாமான்கள் வேறு வேறு பெயர் ஒட்டி வருகின்றன. அதனால் பெயரை விட்டுவிட்டு உள்ளே இருப்பதைச் சொல்கிறோம். பூவின் கோடு வெட்டும், பிடியில் சுழலும் ஸ்விவல் கத்தி ஒன்று, இருபது அச்சுகள், ஓரம் சீவும் பெவலர், தையல் கோடு இழுக்கும் குரூவர், 4 மி.மீ. இடைவெளியில் துளை போடும் முள் உளிகள், குத்தூசி, மெழுகு நூல், இரண்டு ஊசி, ஓரம் தேய்க்கும் மரக்கட்டை, சின்ன நைலான் சுத்தி. சாயம், பள்ளத்தில் தங்கி நிழல் காட்டும் ஆன்டிக் பேஸ்ட், மேல்பூச்சு ஆகிய மூன்றும் குட்டிப் புட்டிகளில். இவை போக மூன்று துண்டுத் தோல், இரண்டு பட்டன், மடித்து வைத்த ஒரு செய்முறைத் தாள். பூவேலை செய்த சாவிக்கொத்துப் பட்டையும் சிறிய பர்ஸும் செய்யலாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது.

கருவிகள் கொடுத்த காசுக்குத் தேறும். தோல் முக்கால்வாசி தேறும். செய்முறைத் தாள் தேறாது. வேலை வரிசையில் ஐந்து இடத்தில் தப்பு இருக்கிறது. அதில் இரண்டு, செய்த பொருளையே கெடுத்துவிடும். இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் இரண்டும் கிடைக்கிற கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒவ்வொரு படிக்கும் இடையில் எவ்வளவு நேரம் உலர விடுகிறோம் என்பதுதான் வேலையைத் தீர்மானிக்கிறது. தாளில் உலர்த்தல் என்ற பேச்சே கிடையாது. பெட்டியை வாங்குங்கள், தாளை ஒதுக்கிவிடுங்கள் என்பதுதான் எங்கள் தீர்ப்பு. ஏன் என்பதைப் படி வரிசையிலேயே பார்ப்போம்.

முதலில் தோல். மூன்றில் இரண்டு துண்டு 2 மி.மீ. தடிமனில், தாவரச் சாறு கொண்டு பதனிட்டவை. வியாபாரத்தில் வெஜ் டான் என்பார்கள். மூன்றாவது துண்டு பளபளவென்று கலர் பூசிய குரோம் தோல், அதாவது குரோமிய உப்பால் பதனிட்டது. அதில் அச்சு நிற்காது. அடித்த நேரத்தில் பதிந்தது போலத் தெரியும், மறுநாள் காலையில் மேடு பள்ளம் ஏதும் இருக்காது. வெஜ் டான் தோல் தண்ணீர் குடித்து இளகும், அடித்தால் நார் அமுங்கும், உலர்ந்தால் அமுங்கின இடத்திலேயே நின்றுவிடும். குரோம் தோலின் நார் அப்படி அமுங்கி நிற்காது. அதன் குணமே மென்மையாக வளைந்து பழைய நிலைக்குத் திரும்புவது. இந்த வித்தியாசத்தைத் தாள் சொல்லவே இல்லை. பார்வைக்கு அழகாக இருப்பதால் புதிதாகச் செய்பவர் கை அந்தத் துண்டுக்குத்தான் போகும். அதை பர்ஸின் உள்பக்கத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எது எது என்று சந்தேகம் வந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். வெஜ் டானில் சொட்டு ஊறி அந்த இடம் கறுக்கும். பூச்சுப் போட்ட தோலில் முத்து மாதிரி நிற்கும். வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலும் தெரியும்: குரோம் தோலின் நடுப்பகுதி சாம்பல் கலந்த நீலமாக இருக்கும், வெஜ் டான் உள்ளே வரைக்கும் பழுப்பு. இன்னும் உறுதி வேண்டுமானால் நகமளவு துண்டைக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள். வெஜ் டான் சுருண்டு விறைக்கும், குரோம் பெரும்பாலும் அப்படியே கிடக்கும். பெட்டியில் உள்ள இரண்டு வெஜ் டான் துண்டுகளில் ஒன்று வயிற்றுப் பக்கத்துத் தோல். மடித்துக் கிள்ளினால் மேலே தளர்ந்த சுருக்கம் விழும். அது பழகுவதற்கு. இறுக்கமான மற்றத் துண்டை நல்ல வேலைக்கு வையுங்கள்.

அடுத்து வாங்கும்போது கடையில் கேட்க வேண்டியது இ.ஐ. பதனீடு, அதாவது ஈஸ்ட் இந்தியா என்ற பெயரில் வழங்கும் தாவரச் சாற்றுப் பதனீடு. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கத்துத் தோல் ஷாப்புகளின் (பதனிடும் ஆலைகளின்) பழைய தொழில் அது. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். இப்போது பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டைச் சாறு. சதுர அடிக் கணக்கில் விற்பார்கள். தடிமனைக் கேட்டு வாங்க வேண்டும்: சாவிக்கொத்துக்கு 2 முதல் 2.5 மி.மீ., பர்ஸ் வெளிப்பக்கத்துக்கு 1.4 முதல் 1.6, உள்ளறைகளுக்கு 0.8 முதல் 1, பெல்ட்டுக்கு 3 முதல் 3.5. வெளிநாட்டு வீடியோக்களில் அவுன்ஸ் என்று சொல்லும் கணக்கில் ஓர் அவுன்ஸ் ஏறத்தாழ 0.4 மி.மீ. மேல்பூச்சு எதுவும் போடாத தோல் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் செருப்புக்குப் போகிற பூச்சுத் தோலைத் தந்துவிடுவார்கள். எருமைத்தோல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மயிர்க்கண் பெரிதாக இருப்பதால் நுணுக்கமான பூவேலை அதில் எடுக்காது.

இனி வரிசை. தாள் சொல்வது இப்படி: அளவுக்கு வெட்டு, தையல் துளை போடு, நனை, படம் வரை, அச்சடி, சாயம், ஆன்டிக், மேல்பூச்சு, தையல், கடைசியில் எல்லா ஓரத்தையும் தேய். அச்சடிப்பதிலும் முதலில் பின்புலம், பிறகு பூ என்கிறது.

செய்ய வேண்டியது வேறு. சுற்றிலும் அரை அங்குலம் கூட்டி வெட்டி, பின்பக்கம் டேப் ஒட்டி, நனைத்து ஊறவிட்டு, படம் இறக்கி, கத்தி ஓட்டி, பூவை முதலிலும் பின்புலத்தைக் கடைசியிலுமாக அச்சடிக்க வேண்டும். முழுக்க உலர்ந்த பிறகு சாயம், சாயம் உலர்ந்ததும் எண்ணெய், அது ஊறியதும் தடுப்புப் பூச்சு, ஆன்டிக், மறுபடி உலர்த்தல், மேல்பூச்சு. அதற்கப்புறம்தான் சரியான அளவுக்கு வெட்டு. பை வாய்களின் ஓரத்தை மட்டும் இப்போது தேய்த்து முடித்து, ஒட்டி, கோடு இழுத்து, துளை போட்டு, தைத்து, வெளி ஓரத்தைக் கடைசியாகத் தேய்க்க வேண்டும்.

தாள் பொருளைக் கெடுக்கும் முதல் இடம் இது: அளவுக்கு வெட்டிவிட்டு அச்சடித்தால் என்ன ஆகும்? நனைந்த தோல் அடி வாங்கும்போது பக்கவாட்டில் விரியும். ஒரு ஜாண் நீளப் பர்ஸ் துண்டு சில மி.மீ. நீண்டுவிடும், அதுவும் பூவேலை அடர்த்தியாக உள்ள பக்கம் அதிகமாக, மற்றப் பக்கம் குறைவாக. நேர்க்கோடு வில்லாக வளையும். முன்கூட்டியே துளை போட்டிருந்தால் துளைகளும் சேர்ந்து நகர்ந்து, உள்பக்கத் துண்டின் துளைகளோடு சேராமல் போகும். பின்பக்கம் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை இரண்டு பட்டையாக ஒட்டினால் விரிவு பெரிதும் அடங்கும். தோல் உலர்ந்த பிறகே டேப்பைக் கழற்ற வேண்டும்.

நனைப்பது எளிது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பூவேலையின் பாதிக் குறைகள் இங்கேதான் பிறக்கின்றன. சுத்தமான பஞ்சால் மேல்பக்கம் முழுவதும் ஒரே சீராகத் தண்ணீர் கொடுங்கள். வேலை செய்யும் இடத்தை மட்டும் நனைத்தால் ஈர எல்லை கறையாக நின்றுவிடும். பிறகு பிளாஸ்டிக் உறையில் போட்டு ஓர் இரவு வைத்தால் ஈரம் நடு நார் வரை பரவும். அவசரத்துக்குச் சாவிக்கொத்துத் துண்டு என்றால் நனைத்து இருபது நிமிடம் விட்டாலும் ஒப்பேறும். எடுத்ததும் அடிக்கக் கூடாது. மேல்நிறம் வெளுத்து, ஏறத்தாழ உலர்ந்த தோலின் நிறத்துக்குத் திரும்ப வேண்டும்; ஆனால் கன்னத்தில் வைத்தால் குளிர வேண்டும். அந்த நிலையில் அச்சு விழுந்த இடம் பழுப்பேறும். பழுப்பேறாமல் வெளிறியே இருந்து, பள்ளம் மெல்ல மேலே எழுந்தால் ஈரம் அதிகம், இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஓங்கி அடித்தும் மேலோட்டமாகவே பதிந்தாலோ மேல்தோல் பிசிறு விட்டாலோ உலர்ந்துவிட்டது.

இந்த நிலை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஊருக்கு ஊர் மாறும். ஆரல்வாய்மொழி, தோவாளை பக்கம் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் மேற்பரப்பு பத்து நிமிடத்தில் உலர்ந்துவிடும், உள்ளே மட்டும் ஈரம் இருக்கும். அங்கே மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வேலை நடக்காத பாதியை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடி வைக்க வேண்டும். குலசேகரம், திருவட்டார், மார்த்தாண்டம் பக்கம் மழைக்காலத்தில் நேர்மாறு: உறையிலிருந்து எடுத்து ஒரு மணி நேரம் ஆனாலும் நிறம் திரும்பாது. அங்கே முதலிலேயே தண்ணீரைக் குறைத்துக் கொடுங்கள். ஈரத் தோலை உறையில் இரண்டு மூன்று நாள் போட்டுவைத்தால் பூஞ்சை புள்ளி புள்ளியாகப் பிடிக்கும், அந்தக் கறை உள்ளே இறங்கினால் போகாது. ஒரே நாளில் முடியாத வேலை என்றால் உறையோடு ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தண்ணீரையும் கவனியுங்கள். வெஜ் டான் தோலில் உள்ள டானின் இரும்போடு சேர்ந்தால் நீலக்கறுப்பாகும். துருவாடை வரும் போர்வெல் தண்ணீரில் நனைத்த தோல் ஒட்டுமொத்தமாகச் சாம்பல் பூத்துவிடும். குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரோ மழைத்தண்ணீரோ போதும். குளச்சல், முட்டம் போலக் கடலுக்கு அருகில் இருப்பவர்களுக்கு இதே தொல்லை கருவி வழியாகவும் வரும்: முலாம் உரிந்த அச்சில் கண்ணுக்குத் தெரியாத துரு இருந்தாலே போதும், ஈரத் தோலில் கறுப்புப் பொட்டு விழும். வேலை முடிந்ததும் அச்சுகளைத் தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து மூடி வையுங்கள், அடுத்த முறை உலர்ந்த துணியால் எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். கறை விழுந்துவிட்டால் சாயம் போடும் முன்பே எலுமிச்சைச் சாற்றில் தண்ணீர் கலந்து தொட்டுத் துடைத்து, உடனே துண்டு முழுவதையும் வெறும் தண்ணீர்ப் பஞ்சால் துடையுங்கள். புதுக் கறை பெரும்பாலும் போய்விடும். (கறுப்புத் தோலே வேண்டும் என்பவர்கள் வினிகரில் பழைய ஆணி போட்டு ஊறவைத்து இதே வேதிவினையை வேண்டுமென்றே செய்கிறார்கள். பிறகு சோடா உப்புக் கரைசலால் அமிலத்தை முறிக்காவிட்டால் தோல் நாளடைவில் நொறுங்கும்.)

பெட்டியில் இல்லாத முக்கியமான பொருள், அடியில் வைக்கும் கல். மர மேசை மேல் வைத்து அடித்தால் பாதி அடியை மேசை வாங்கிக்கொள்ளும். அச்சு ஆழமாக விழாது. இந்த மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை. மயிலாடிச் சிற்பக் கூடங்களில் ஒரு முகம் மெருகேற்றிய கருங்கல் வெட்டுத்துண்டு கேட்டுப் பாருங்கள். 10 அங்குலத்துக்கு 12, கனம் 2 அங்குலம் இருந்தால் வாழ்நாளுக்கும் போதும். சமையல் மேடைக்குப் போடும் முக்கால் அங்குலப் பலகை சுத்தியடியில் விரிசல் விடலாம். கல்லுக்கு அடியில் ரப்பர் பாய் விரித்தால் சத்தம் குறையும். கல்லை மேசையின் நடுவில் வைக்காமல் காலுக்கு நேர் மேலே வைத்தால் மேசை அதிராது. பெட்டியின் நைலான் சுத்தி இந்த வேலைக்குக் கனம் போதாது. ஆசாரியிடம் புளியங்கட்டையில் கால் கிலோவுக்கு மேல், அரைக் கிலோவுக்குள் ஒரு கொட்டாப்புளி கடைந்து வாங்கலாம். இரும்புச் சுத்தியலை அச்சின் மேல் போடவே கூடாது. அச்சின் தலை நசுங்கிப் பிதுங்கும், முலாம் தெறிக்கும்.

ஸ்விவல் கத்தியின் பிடி நன்றாக இருக்கிறது, சுழற்சியிலும் தடங்கல் இல்லை. முனை மட்டும் சாணை பிடித்த தடத்தோடு அப்படியே வருகிறது. கண்ணாடி மேல் 1000 நம்பர் ஈர உப்புத்தாளை வைத்து, முனையின் இரு சரிவையும் அதே கோணத்தில் தேய்த்து, தோல் பட்டையில் பச்சை பாலிஷ் தடவி அதில் இழுத்து மெருகேற்றுங்கள். வேலைக்கு நடுவிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பட்டையில் நாலு இழுப்பு. கத்தி இழுபட்டு, வெட்டின் இரு கரையும் சுருங்கி எழுந்தால் முனை மழுங்கியிருக்கிறது அல்லது தோல் ஈரமாக இருக்கிறது. வெட்டின் ஆழம் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை. 2 மி.மீ. தோலில் 1 மி.மீட்டரைத் தாண்டக் கூடாது. கத்தி செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்தால் வெட்டு தோலுக்கு அடியில் புகுந்து, பின்னால் பெவல் (கோட்டை ஒட்டிய சரிவு) அடிக்கும்போது இதழின் ஓரம் செதிளாகப் பெயரும். முன்னால் நிற்கும் இதழை முதலில் வெட்டி, அதற்குப் பின்னால் போகிற தண்டையும் இலையையும் அந்தக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துங்கள். வெட்டுக் கோடுகள் ஒன்றையொன்று தாண்டினால் திருத்த வழியில்லை. பர்ஸ் மடிகிற இடத்தில் கத்தியே போடாதீர்கள். அந்த வெட்டில்தான் தோல் முதலில் பிளக்கும்.

இருபது அச்சுகளில் ஏழெட்டுதான் அன்றாடம் உதவும். தண்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறித்திருக்கிறது. அமெரிக்கக் கருவிகளின் எண்முறையை அப்படியே எடுத்திருக்கிறார்கள்: தமிழில் பி என்று ஒரே எழுத்தாக வருவது ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து, குழம்ப வேண்டாம், B 200 என்பது சரிவு அடிக்கும் பெவலர் அச்சு (ஓரம் சீவும் பெவலர் வேறு), P 206 என்பது இதழின் உள்ளே நிழல் கொடுக்கும் பேரிக்காய் வடிவ அச்சு. சி 431 இலையிலும் தண்டிலும் விசிறிக் கோடு போடுவது, வி 407 நரம்பு, எஸ் 705 பூவின் நடு மணிகள், ஏ 104 பின்புலம். அடிக்கும் வரிசை: விசிறிக் கோடு, இதழ் நிழல், பெவல், நரம்பு, மணி, பின்புலம், எல்லாம் முடிந்த பிறகு கத்தியால் அலங்காரக் கீறல். தாள் சொல்வது போலப் பின்புலத்தை முதலில் அடித்தால், பிறகு வரும் பெவலர் அந்தப் புள்ளித் தரையையே தேய்த்து அழித்துவிடும். சரிவும் தரையும் சேரும் இடம் கூழாகிவிடும்.

அச்சுகளின் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பெவலரின் ஓரத்திலும் பின்புல அச்சின் பற்களிலும் வார்ப்புப் பிசிறு இருக்கிறது. அப்படியே அடித்தால் தோலைக் குத்திக் கிழிக்கும். 600 நம்பர் உப்புத்தாளில் ஓரத்தை மட்டும் இரண்டு இழுப்பு இழுத்தால் போதும்.

பூவுக்கு உயிர் கொடுப்பது பெவலர். அதன் முகம் ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரிந்திருக்கும். உயர்ந்த விளிம்பை வெட்டுக் கோட்டுக்குள் நிறுத்துங்கள், சரிவு இதழுக்கு வெளிப்பக்கம் இறங்க வேண்டும். இடது கையின் விரல்கள் அச்சைத் தோலில் அழுத்தாமல் மயிரிழை தூக்கிப் பிடித்திருக்க, கொட்டாப்புளி ஒரே கனத்தில் தட்டிக்கொண்டே போக, அச்சு ஒவ்வொரு தட்டுக்கும் தன் அகலத்தில் பாதி மட்டும் நகர வேண்டும். அகலம் முழுக்கத் தாவினால் ஏணிப்படி போல வரி வரியாக நிற்கும். அந்த வரியைப் பின்னால் எந்தச் சாயமும் மறைக்காது, ஆன்டிக் பேஸ்ட் போய் அதில்தான் தங்கும். கோடு இதழ் முனைக்கு வரும்போது தட்டின் வேகத்தைக் குறைக்காமல் கனத்தை மட்டும் குறைத்தால் சரிவு கரைந்து முடியும். சரியான ஈரத்தில் அடித்த பெவல், கோட்டை ஒட்டி அடர் பழுப்பாகவும் வெளியே போகப் போக வெளிறியும் தெரியும். சாயம் போடாமலே பூ எழுந்து நிற்கும்.

செய்முறைத் தாளில் உள்ள படம் ஷெரிடன் பாணிக் கொடிப்பூ, அமெரிக்கச் சேண வேலையில் வருவது. குதிரைச் சேணத்தின் அகலத்துக்கு ஏற்ற படத்தை 4 செ.மீ. பட்டைக்குள் சுருக்கியிருப்பதால் இதழுக்குள் அச்சு நுழைய இடமே இல்லை. பத்மநாபபுரம் அரண்மனைப் பூமுகத்து (முகப்பு மண்டபத்து) மச்சில் செதுக்கிய வட்டத் தாமரைகளைப் பாருங்கள். நடு மணி, சுற்றி இதழ், வெளியே ஒரு வளையம் என்ற அந்த அமைப்பு சாவிக்கொத்துக்கு அளவெடுத்தது போலப் பொருந்தும். இதழ் அகலம் பெவலரின் முகத்தைப் போல இரண்டு மடங்காவது இருக்குமாறு வரையுங்கள்.

அச்சடித்து முடிந்ததும் நிழலில், பலகையில் பரப்பிக் காய விடுங்கள். வெயிலில் போட்டால் முன்பக்கம் சுருங்கித் தோல் வளையும். வறண்ட நாளில் ஒரு முழு நாள். மழைக்காலத்தில் இரண்டு நாள் கூட ஆகும். உள்ளே ஈரம் இருக்கும்போது சாயம் போட்டால் திட்டுத் திட்டாக ஏறும்.

பெட்டியின் சாயம் ஸ்பிரிட் கலந்தது, நல்ல ரகம்தான். ஆனால் நேராகப் புட்டியிலிருந்து தொட்டால் முதல் தொட்ட இடம் கறுத்துவிடும். டினேச்சர்ட் ஸ்பிரிட்டில் பாதிக்குப் பாதி கலந்து, பஞ்சால் வட்ட வட்டமாக இரண்டு முறை பூசுங்கள். ஓர் இரவு உலர்ந்த பிறகு வெள்ளைப் பருத்தித் துணியால் தேய்த்துக்கொண்டே இருங்கள், துணியில் நிறம் ஏறுவது நிற்கும் வரைக்கும். இதைச் செய்யாத பெல்ட்டும் பர்ஸும் வெள்ளை வேட்டியில் பழுப்புக் கறை வைக்கும். அந்தக் கறை சலவையில் போகாது. பிறகு நீட்ஸ்ஃபுட் எண்ணெய் (மாட்டுக்கால் எலும்பிலிருந்து எடுப்பது) மெல்லிய ஒரு கை, ஒரு நாள் ஊற விடுங்கள். பெட்டியில் இது இல்லை, தனியாக வாங்க வேண்டும். வீட்டில் இருக்கும் தேங்காயெண்ணெய் பக்கம் கை போகக் கூடாது. நாளானால் சிக்கு நாற்றம் பிடிக்கும், அளவு மிஞ்சினால் பிசுபிசுப்பும் போகாது.

தாள் கெடுக்கும் இரண்டாவது இடம் இதற்கடுத்தது. சாயத்துக்கும் ஆன்டிக் பேஸ்டுக்கும் நடுவே தடுப்புப் பூச்சு வேண்டும். பேஸ்டின் வேலை பள்ளத்தில் மட்டும் தங்கி நிழல் காட்டுவது. தடுப்பு இல்லாத தோல் அதை மேட்டிலும் பள்ளத்திலும் ஒன்றுபோலக் குடித்துவிடும், துண்டு முழுவதும் சேற்று நிறமாகும், பூ மறையும். குடித்த பேஸ்டைத் திரும்ப எடுக்க வழியில்லை. தனியாகத் தடுப்புப் புட்டி வாங்க வேண்டியதில்லை: பெட்டியில் மேல்பூச்சு என்று வரும் அக்ரிலிக்கையே இங்கும் பயன்படுத்தலாம். மெல்லிசாக ஒரு கை, ஒரு மணி நேரம் கழித்துக் குறுக்கே இன்னொரு கை, பிறகு ஓர் இரவு. மறுநாள் பேஸ்டைப் பழைய பல்துலக்கியால் பள்ளங்களில் திணித்து, இரண்டு நிமிடத்துக்குள் மேட்டிலிருந்து துடைத்துவிடுங்கள். விரலில் இறுக்கிச் சுற்றிய துணி மேட்டை மட்டும் தொடும். தளர்ந்த துணி பள்ளத்திலிருந்தும் பேஸ்டைக் கிளறிவிடும். ஒரு நாள் உலர்ந்த பிறகு அதே அக்ரிலிக் மேல்பூச்சு. ஒட்டப்போகும் ஓரத்தில் 4 மி.மீ. அகலத்துக்குப் பூச்சு படாமல் விடுங்கள், பூச்சின் மேல் பசை பிடிக்காது. சில பெட்டிகளில் அக்ரிலிக்குக்குப் பதில் லாக்கர் வருகிறது. அதை மழை நாளில் திறக்கவே வேண்டாம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பூச்சு பால் போல வெளுத்துவிடும்.

இப்போது சரியான அளவுக்கு வெட்டலாம். பர்ஸ் என்றால் கார்டு நுழையும் வாய் ஓரங்களை ஒட்டுவதற்கு முன்பே தேய்த்து முடித்துவிடுங்கள். தைத்த பிறகு அங்கே கட்டை நுழையாது. தையலில் சொல்ல அதிகமில்லை. முள் உளிகள் கூர்மையாகவே வருகின்றன. நூல் தையல் நீளத்தைப் போல நான்கு மடங்கு வெட்டி, இரு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் இரு பக்கமும் இழுத்துத் தைக்க வேண்டும். கொடுத்திருக்கும் 0.8 மி.மீ. நூல் இந்த இடைவெளிக்குச் சரியான கனம்.

வெளி ஓரத்துக்கு அவசரப்படாதீர்கள். 220 உப்புத்தாளால் அடுக்குகளைச் சமமாக்கி, ஓரம் சீவும் பெவலரால் இரு பக்கக் கூர்விளிம்பையும் சீவி, 400 உப்புத்தாளால் உருட்டி, ஓரத்துக்குச் சாயம் கொடுத்து உலர விடுங்கள். பிறகு ஓரத்தை மட்டும் விரலால் தண்ணீர் தொட்டு, மரக்கட்டையின் பள்ளத்தில் வைத்து, தோல் சூடேறும் வரை இரு திசையிலும் தேயுங்கள். டிராககாந்த் பிசின் கிடைத்தால் தண்ணீருக்குப் பதில் அது. மேல்பூச்சு ஓரத்தில் வழிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போகாது, எவ்வளவு தேய்த்தாலும் நார் படியாது. அப்படியானால் மறுபடி 220 தாளுக்கே போக வேண்டும். கடைசிக்குத் தேன்மெழுகு. மார்த்தாண்டம் பக்கத்துத் தேனீ வளர்ப்பவர்களிடம் கட்டியாகக் கேட்டு வாங்கலாம். உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் நல்ல மெழுகு இளகும். ஓரத்தில் மெழுகைத் தடவிக் கட்டையால் தேய்த்து, முடிவில் பழைய ஜீன்ஸ் துணியால் இழுத்தால் அடுக்குத் தெரியாமல் ஒரே கோடாக மின்னும். பெட்டியின் மரக்கட்டையில் வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். சூட்டில் அது இளகி ஓரத்தில் ஒட்டும், முதலிலேயே பள்ளங்களை உப்புத்தாளால் தேய்த்து வார்னிஷை எடுத்துவிடுங்கள்.

இரண்டு பட்டனும் காந்தத்தில் ஒட்டுகின்றன. அதாவது முலாம் பூசிய இரும்பு. இங்குள்ள காற்றில் ஒரு மழைக்காலத்துக்குள் துரு பிடித்து, சுற்றியுள்ள தோலையும் கறுப்பாக்கும். பித்தளைப் பட்டன் வாங்கிப் போடுங்கள். பித்தளையில் எண்ணெய்ப் பசை சேர்ந்தால் பச்சை பூக்கும், ஆனால் அதை உலர்ந்த துணியால் துடைத்துவிடலாம். முடித்த பொருளையும் மீதித் தோலையும் பிளாஸ்டிக் பையில் கட்டிவைக்காமல் பருத்தித் துணியில் சுற்றி, சுவரை ஒட்டாத அலமாரித் தட்டில் வையுங்கள். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை எடுத்துக் காற்றாட விட்டால் பூஞ்சை அண்டாது.